கர்ச்சீப் தூக்குவதற்கு முன்னால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணிக்கொண்டு போகும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். வருஷம் மாதம் கேட்டால் முழிப்பேன். கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனா பிடித்து எத்தனையோ காலம் ஆகிறது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எழுத வைத்தது என் மருமகள் சுதா. மதுரைப் பக்கத்துப் பெண். இங்கே ஓசூரில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சீரியல் பார்க்க மாட்டாள். பந்து விளையாடுகிறவர்களைப் பற்றிய படம்தான் பார்ப்பாள். கதைப் படம் இல்லை, நிஜமாக நடந்ததை எடுத்தது. டாக்குமெண்டரியாம். போன வாரம் ஒன்று ஓடியது. ஏதோ தேசம். ஆடுகிறவர்களைவிடப் பார்க்க வந்தவர்களைத்தான் அதிகம் காட்டினார்கள். என் வயதில் ஒரு அம்மாள், முகமெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டு, நடுவரைக் கிழிகிழி என்று கிழிக்கிறாள்.

"அத்தை, இவங்களைப் பாருங்க. நீங்க பஸ்ஸுல 'நிறுத்துங்க'ன்னு சொல்லக் கூச்சப்பட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்குன ஆளு. இப்படிக் கத்துவீங்களா?"

ராயக்கோட்டை பஸ்ஸில் அப்படி ஒருதடவை ஆனது உண்மைதான். அதை வீட்டில் வந்து சொன்னது என் தப்பு.

"நானும் கத்தியிருக்கேன். படத்துலயும் வந்திருக்கேன்" என்றேன்.

சுதாவுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "ஆதாரம் இருக்கா அத்தை?" என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அவள் கழற்றிப் போட்ட பையிலிருந்து ரப்பர் கிளவுஸ் வாசனை வந்தது. எங்கள் காலத்து கிளவுஸ் தோலில் இருக்கும். நான் வேலை பார்த்தது இரும்பைக் காய்ச்சி வார்க்கிற கம்பெனி. நான் கேன்டீனில் காய் நறுக்கி, களி கிண்டி, பரிமாறுகிற வேலை. வந்து சாப்பிடுகிற ஆட்கள் கையிலெல்லாம் அந்தத் தோல் வாசனையும் கரி வாசனையும் கலந்து வரும். அந்த கிளவுஸையே விரல் நுனியில் வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டு கம்பெனி டீமுக்குக் கோல் காக்கிற கோலியாக நின்றார் ஒருத்தர். பிற்பாடு எங்கள் வீட்டுக்காரர் ஆனார். அப்போது ஆகவில்லை.

அவர் திண்டுக்கல் பக்கம். வந்த புதுசில் களியை மென்று சாப்பிடுவார். எங்கள் ஊரில் களியை யாராவது மெல்லுவார்களா. உருட்டி, குழம்பில் தொட்டு, விழுங்க வேண்டியதுதான். கேன்டீனே வேடிக்கை பார்க்கும். கூட வேலை செய்த ரத்னம்மா, தெலுங்குக்காரி, வாய் சும்மா இருக்காது. "அண்ணா, அது பல்லுக்கு வேலையில்லாத சாப்பாடு. உங்க பல்லை வீட்டுல வெச்சிட்டு வாங்க" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே மெல்லுவார். நான் குழம்பு மட்டும் ஒரு கரண்டி சேர்த்து ஊற்றுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

பெங்களூரிலிருந்து ஒரு தாடிக்காரர் காமிராவோடு வந்தார். கம்பெனிகளில் பந்து ஆடுகிறவர்களைப் பற்றிப் படம் எடுக்கிறாராம். ஏரிக்குப் பக்கத்து செம்மண் மைதானத்தில் ஆட்டம். எதிர் டீம் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியிலிருந்து வந்தது. அவர்கள் ஒரு லாரி நிறைய ஆளை ஏற்றி வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களோ ஷிஃப்டில். மைதானத்தில் எங்கள் பக்கம் காக்காய்கூட இல்லை. தாடிக்காரர், "கூட்டம் இல்லாம எப்படிங்க படம் எடுக்கிறது?" என்று கையைப் பிசைந்தார். கம்பெனியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கேன்டீனை மூடி, எங்கள் பதினாலு பெண்களையும் அழைத்துப் போய் மூன்று வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். கையில் வெங்காய வாசனைகூடப் போகவில்லை.

"அம்மா, ஆட்டம் உங்களுக்குப் புரிய வேணாம். நான் கர்ச்சீப் தூக்குனா கை தட்டுங்க, சத்தம் போடுங்க. இறக்குனா நிறுத்திடுங்க" என்றார் தாடிக்காரர்.

நாங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். பந்து பக்கம் திரும்பவே இல்லை, கர்ச்சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பாட்டுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று தூக்குவார், நாங்கள் தட்டுவோம். ஒருதடவை பந்து ஏரியில் விழுந்து மிதந்துகொண்டிருந்தது, அதற்கும் தட்டினோம். எங்கள் பக்கம் கோல் விழுந்ததற்கும் தட்டினோம். எங்கள் ஆட்டக்காரர் ஒருத்தர் திரும்பி, "நீங்க யார் ஆளு?" என்று கேட்டுவிட்டுப் போனார். லாரிக்காரர்கள் கோலியைப் பார்த்து, "ஏனப்பா, நித்தே பந்தா?" என்று கத்தினார்கள். தூக்கம் வந்துவிட்டதா என்று கேலி. ரத்னம்மா கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

நான் மூன்றாவது வரிசை. கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்ததால் கர்ச்சீப்பை விட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் கோல் போஸ்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரம். அத்திப்பள்ளி ஆள் ஒருத்தன், எருமை மாதிரி, பந்தோடு ஓடி வந்தான். இவர் அவன் காலடியிலேயே பாய்ந்தார். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவன் பூட்ஸ் வந்து இவர் வாயில் விழுந்தது. அப்படியே குப்புறக் கிடந்தார். அசையவில்லை.

நான் எழுந்து கத்தினேன். எழுந்ததும் எனக்குத் தெரியாது, கத்தியதும் தெரியாது. ரத்னம்மா புடவையைப் பிடித்து இழுத்து, "ஏ புள்ள, இன்னும் கர்ச்சீப் தூக்கல" என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். பந்தை விடவில்லை. உதட்டில் மூன்று தையல்.

ஒரு மாதம் கழித்துப் படம் கேசட்டாக வந்தது. கேன்டீனில் டிவியும் டெக்கும் வைத்துப் போட்டார்கள். என்னைச் சுற்றிப் பதிமூன்று பெண்கள், கோவில் கோபுரத்தில் கழுகு பார்க்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நான் மட்டும் தனியாக நின்று, வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்து கத்துகிறேன். சத்தம்தான் இல்லை. தாடிக்காரர் அந்த இடத்தில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார். "மேளமே கொட்டிட்டாங்க, இன்னும் என்ன புள்ள" என்றாள் ரத்னம்மா.

அன்றிலிருந்து என்னைப் பிடித்தது சனி. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "அதைத் திருப்பிப் போடு, அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு பாப்போம்." உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்களாம். ஒருத்தர் கோலி பேரைத்தான் சொல்கிறேன் என்பார், இன்னொருத்தர் 'அய்யோ' என்கிறேன் என்பார். நான் 'பந்தைப் பாரு' என்று சொன்னதாகச் சாதித்தேன். எனக்குக் கெலமங்கலத்து மாமன் மகனைப் பேசி வைத்திருந்த நேரம் அது. கன்னிப்பெண் ஊர் நடுவே ஒரு ஆண்பிள்ளை பேரைச் சொல்லிக் கத்தினாள் என்றால் வேலையும் போகும், மற்றதும் போகும்.

ஓசூரில் தும்மினால் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் 'நூறு வயசு' என்பார்கள். அப்பாவுக்குச் சேதி போய்விட்டது. தக்காளி வண்டியிலேயே ஏறி, தோளில் துண்டோடு கேன்டீனுக்கு வந்துவிட்டார். கேசட்டைப் போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார்.

"என்னம்மா சொன்ன?"

"பந்தைப் பாருன்னு சொன்னேம்ப்பா."

"பந்தைப் புடிச்சானா?"

"புடிச்சாருப்பா. உதடு கிழிஞ்சுபோச்சு. மூணு தையல்."

அப்பா டிவியை விட்டு என்னைப் பார்த்தார். "தையல எண்ணிருக்கற" என்றார். பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "எந்த ஊருக்காரன்?" என்று கேட்டார்.

மாமன் வீட்டுக்கு அவரே போய்ப் பேசினார். மூன்று வருஷம் அவர்கள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் வருஷம் ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போட ஆள் பத்தாமல் பேசினார்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் பேரை நான் சொன்னதே இல்லை. எங்கள் பக்கம் சொல்ல மாட்டோம். பேங்கில் ஒரு பெண் "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்றாள். "பழனியில இருக்கிறவர் பேரு" என்றேன். அது பாவம், தண்டபாணியா, வேலாயுதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு பேர் சொல்ல, பாஸ்புக்கை நீட்டித் தப்பித்தேன்.

அவர் மட்டும் விட மாட்டார். தழும்பைத் தடவிக்கொண்டு, "அன்னைக்கு என்ன கத்துன? காது அடைச்சுப்போச்சு, எனக்குக் கேக்கல" என்பார்.

"பந்தைப் பாருன்னு."

"பந்து என் நெஞ்சுல இருந்துச்சு. யாரைப் பாக்கச் சொன்ன?"

மாசத்துக்கு ஒருதடவையாவது இது நடக்கும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கேட்டார். பக்கத்தில் நர்ஸ் பெண் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு அவர் வரவில்லை.

கேன்டீன் கேசட், என்னைத் திருப்பித் திருப்பிப் போட்டே தேய்ந்தது. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று ஓடும். நான் எழுந்து நிற்கிற இடத்தில் மட்டும் கோடு கோடாக விழுந்து, கடைசியில் என் முகமே தெரியாமல் போனது. பிறகு டெக் போனது, கம்பெனி போனது. மைதானத்தில் இப்போது அடுக்கு வீடுகள். அதில் நாலாவது மாடியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டு ஜன்னலில் நின்று கோல் போஸ்ட் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஏறக்குறைய லிஃப்ட் இருக்கிற இடம்.

தாடிக்காரரிடம் ஒரு கேசட் இருந்தது என்று ரத்னம்மா போனில் சொல்கிறாள். அவளுக்கும் ஞாபகம் சரியில்லை. என் புடவை நீலம் என்கிறாள், பச்சை என்றுதான் எனக்கு ஞாபகம். ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோமா, தோற்றோமா என்பதிலும் எங்களுக்குள் சண்டை. யாரிடமாவது அந்தப் படம் இருந்தால் போட்டுப் பார்த்து, இதெல்லாம் சரிதானா என்று சொல்லுங்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் நிற்பாள்.

சத்தம் வராது, தெரியும். வேண்டாம். அவர் போட்டோவை டிவி பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஓடவிடச் சொல்வேன். உதட்டைப் பார்த்து அவரே தெரிந்துகொள்ளட்டும்.