வார்மரும் சிவப்புக் கோடுகளும்

இயந்திரம் செய்கிறவர்களுக்கு அது ஓடினால் நிம்மதி. அது பத்திரமாக ஓடும் என்று நிரூபிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஓடினாலும் பயம், நின்றாலும் பயம். சான்றிதழுக்காக அலைந்தவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

படம் வரைகிறவள்

புதுக்கோட்டைக்கு வெளியே சின்னத் தொழிற்கூடம் எங்களுடையது. பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் செய்கிறோம். முழு இயந்திரத்தையும் கம்ப்யூட்டரில் மாடலாக வரைவது என் வேலை. என்ன ஆபத்து வரலாம், எந்த உறுப்பு அதைத் தடுக்கும், தடுத்ததற்கு எந்தச் சோதனை சாட்சி என்று எல்லாவற்றையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஒரு கோடு விட்டுப்போனாலும் சான்றிதழ் கிடைக்காது.

குவைத்தில் சம்பாதித்ததையெல்லாம் இதில் போட்டிருந்த முதலாளி, ஒருநாள் என் பின்னால் வந்து நின்று திரையையே பார்த்தார்.

“படமாவே வருதேம்மா, மெசினு எப்ப வரும்?”

ஒரு சென்சார்

குழந்தையின் தோலில் ஒட்டிச் சூடு பார்க்கும் சென்சார் தட்டுப்பாடு என்று, கொள்முதல் பார்க்கும் முருகேசன் அண்ணன் வேறு ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்றார். மாடலில் மாற்றிப் போட்டேன். சென்சாரிலிருந்து ஹீட்டர், அலாரம், சோதனை என்று வரிசையாகக் கோடுகள் சிவந்தன. பழைய சோதனை எதுவும் இனிச் செல்லாது. சான்றிதழ் தரும் அதிகாரி வருவதோ அடுத்த வாரம். அண்ணனும் திரையைப் பார்த்தார்.

“ஒரு ஒயர மாத்துனதுக்கு இங்கிட்டு எல்லாமே செவந்து போச்சேம்மா.”

சத்தம்

மறுநாள் சோதனை. சென்சார் நழுவி விழுந்தால், குழந்தைக்குக் குளிர்கிறது என்று நினைத்து இயந்திரம் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். அதனால் நழுவியதுமே அலாரம் அடித்து ஹீட்டர் அணைய வேண்டும். குழந்தைக்குப் பதிலாக வைத்த பொம்மையின் வயிற்றிலிருந்து சென்சாரைப் பிடுங்கினோம். அலாரம் அடிக்கவில்லை. ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டே இருந்தது.

புதிய சென்சார் மெதுவாகத்தான் குளிர்கிறது, பழைய கணக்குக்கு அது நழுவியதே தெரியவில்லை என்று மென்பொருள் எழுதும் நசீமா கண்டுபிடித்தாள். திருத்தி, மறுபடி பிடுங்கினோம். அலாரம் அலறியது. நசீமா அதை நிறுத்தப் போகவில்லை.

“இந்தச் சத்தத்தக் கேட்டாலே எரிச்சலா வரும்க்கா. இன்னிக்கி அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்னு தோணுது.”

அதிகாரி

சென்னையிலிருந்து வந்த அதிகாரி எடுத்த எடுப்பில் அந்தச் சோதனைக்கே வந்தார். சென்சார் நழுவினால் என்ன ஆகும் என்று கேட்டார். மாடலில் கோட்டைப் பிடித்துக்கொண்டே சோதனை வரைக்கும் போனேன். தோற்றுப்போன சோதனையும் அங்கேயே இருந்தது. முதலாளி தரையைப் பார்த்தார். அதிகாரி தோற்றதையும் ஜெயித்ததையும் பொறுமையாகப் படித்தார்.

“ஒண்ணுகூட ஃபெயில் ஆகாத ஃபைலப் பாத்தாதாம்மா எனக்குப் பயம்.”

ஆவுடையார்கோவில் பக்கம்

சான்றிதழ் வந்தது. முதல் வார்மர் ஆவுடையார்கோவில் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனது. எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். உள்ளே நுழையும்போதே அலாரம். வார்மரிடம் ஓடினேன். ஹீட்டர் தானாக அணைந்திருந்தது. நர்ஸ் வந்து சென்சாரை ஒட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய் என் முகத்தைப் பார்த்து, ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒக்காருங்க, பயப்படாதீங்க. இவ காலாட்டுனா அது இப்புடித்தான் கத்தும்.”

சான்றிதழ் சுவரில் நிம்மதியாகத் தொங்குகிறது. அந்த நிம்மதி இறங்கி என் நாற்காலி வரைக்கும் வரத்தான் வழியைக் காணோம்.