லேபிள் உரித்த ஆறு பாட்டில்கள்

என் முடியை வெட்டிவிடுவதென்று உம்மா தீர்மானித்தபோது எனக்கு ஒன்பது வயது. தலை என்னுடையது, கத்தரிக்கோல் மட்டும்தான் அவருடையது. இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

எனக்குச் சுருட்டை முடி. எங்கள் தெருவின் உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் கிடக்கும் பழைய வலை மாதிரி சிக்கிக்கொள்ளும். காலையில் உம்மா சீப்பை எடுப்பார், நான் அலறுவேன், வாசலில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும். கடைசியில் எண்ணெயைக் கவிழ்த்து, இழுத்துக் கட்டி, முக்காட்டைப் போட்டு அனுப்பிவிடுவார். கோடை விடுமுறையில் ஒருநாள் கெடு வைத்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சீப்பு ஒரு தடவையாவது சிக்காமல் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தோடு வெட்டு.

"முக்காடு போட்டுக்கிட்டுத்தானே போறே. யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்குறேன்ல" என்றேன். அதற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

அழுதுகொண்டே வாப்பாவிடம் போனில் முறையிட்டேன். நாகூரில் எனக்கு மொட்டை போட்ட அதே வாரத்தில் குவைத்துக்கு விமானம் ஏறியவர் அவர். நான்கு வருஷமாக லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் அவர் வரும்போதெல்லாம் உம்மா என்னை முக்காட்டோடுதான் உட்காரவைப்பார். "அழாதம்மா, ஏதாச்சும் அனுப்புறேன்" என்றார்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது, லீவில் வந்த பக்கத்துத் தெருக்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பால்பவுடர், பேரீச்சம்பழத்துக்கு நடுவே ஆறு கண்டிஷனர் பாட்டில்கள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை. "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி முடிக்காம். லேபிளப் பாத்துக்கிடச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்வீட்டில் இருந்த வாப்பாவின் தங்கை, என் மாமி, முதல் ஆளாக ஒன்றைத் திறந்து தலையில் தேய்த்துப் பார்த்தார். "நுரையே வரல. நானாவ எவனோ நல்லா ஏமாத்திப்புட்டான்." அண்ணனை அவர் நானா என்றுதான் சொல்வார். பிறகு லேபிளைப் படித்தார். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர் என்பதால் அந்த அரபியை உச்சரிப்புச் சுத்தமாக, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி ஓதினார். அர்த்தம் எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த உம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஓதுற எழுத்தப் போயி பாத்ரூமுக்குள்ள வைக்கிறதா?"

ஆறு பாட்டிலும் ஷோகேஸின் மேல்தட்டுக்குப் போயின. குவைத்தில் பினாயில் பாட்டிலிலும் அதே எழுத்துதான் இருக்கும் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் முதுகில் இன்னொன்று விழுந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் உம்மா அசந்து தூங்கும்போது ஆறையும் வாளியில் ஊறப்போட்டு லேபிள்களை நகத்தால் உரித்தேன். மரியாதைக் குறைவென்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று அவற்றைக் கொல்லைச் சுவரில் வரிசையாகக் காயவைத்தேன். உம்மா எழுந்து வந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அறிவு கெட்டவளே, எது எந்த முடிக்குன்னு இனி எப்படித் தெரியும்?"

"என் தலைக்குத் தெரியும்."

உண்மையில் எனக்கே பயமாகத்தான் இருந்தது. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து முடியை ஆறாகப் பிரித்து, ஆறு நிறத் தையல் நூலால் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் என்று தேய்த்து அலசினேன். காய்ந்ததும் பார்த்தால் சிவப்பு நூல் கட்டியது பிசுபிசுவென்று இருந்தது. நீலம் தேங்காய் நார். மஞ்சளில் சீப்பின் இரண்டு பல் போயிற்று. ஐந்தாவது பாட்டில் தேய்த்த பச்சை நூலில் மட்டும் உச்சியில் வைத்த சீப்பு எங்கேயும் நிற்காமல் நுனி வரை இறங்கியது.

சீப்பைக் கொண்டுபோய் உம்மாவிடம் நீட்டினேன். "இப்பச் சீவிப் பாரு." ஒரு தடவை சீவினார். நம்பாமல் இன்னொரு தடவையும் சீவினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டு மூடினார்.

"மீதியையும் அதுலயே அலசிடு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பாவின் வீடியோ கால் வந்தது. உம்மா முக்காட்டை நீட்டினார். "வாப்பாதானே" என்று தள்ளிவிட்டு, திரை கொள்ளாத முடியோடு போனின் முன்னால் உட்கார்ந்தேன். வாப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"எந்த பாட்டில்மா சேந்துச்சு?"

"அஞ்சாவது. ஒண்ணு போதும்ல வாப்பா, எதுக்கு ஆறு வாங்குனீங்க? என் முடி எப்படி இருக்கும்னுகூட உங்களுக்குத் தெரியாதா?"

"மொட்டைக்கு அப்புறம் இப்பத்தானம்மா பாக்குறேன்" என்றார்.

பதில் சொல்லத் தெரியாமல் வாப்பா மழுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். உம்மாவை ஜெயித்தாயிற்று, வாப்பாவையும் ஜெயித்தாயிற்று, நுரையே வரவில்லை என்ற மாமி ஒருத்திதான் பாக்கி. போனை உம்மாவின் மடியில் போட்டுவிட்டு, விரித்த தலையோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.