கடித்த நாய் குரைக்கவில்லை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, ஊரில் இல்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஊரில்தான் இருந்தேன். ஒரு நாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வளர்த்த நாய் அல்ல. கடித்த நாய்.

எங்கள் குத்தாலம் பக்கம் சம்பா அறுவடை முடிந்துவிட்டது. மிஷின் அறுத்த வயலில் நெல் நிறையவே சிந்திக் கிடக்கும். அதை மேய்வதற்காக வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வெளியூர் ஆட்கள் வருவார்கள். வயலிலேயே வலையைச் சுற்றிக் கட்டி வாத்துகளை அடைப்பார்கள். பக்கத்திலேயே தார்ப்பாயில் ஒரு கூடாரம். ராத்திரி வாத்துகள் போட்ட முட்டையை விடிந்ததும் பொறுக்குவார்கள். அந்த நேரத்துக்குப் போய் நின்றால் புத்தம் புது முட்டை கிடைக்கும்.

என் கணவருக்கு வாத்து முட்டைக் குழம்பு என்றால் உயிர். அது என் உயிருக்கு உலை வைக்கும் என்று யாருக்குத் தெரியும்? கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாத்துக்காரர் பெயர் ஏழுமலை. ஒல்லியான மனிதர், நல்ல பேச்சுக்காரர். நான் குனிந்து முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் ஏதோ வந்து நின்றது.

“ஒண்ணும் பண்ணாதுங்கம்மா” என்றார் ஏழுமலை.

நாய் வைத்திருக்கிற எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கெண்டைக்காலில் பல் பதிந்துவிட்டது. செவலை நாய். உறுமவில்லை, குரைக்கவில்லை. வந்தது, கடித்தது, கூடாரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

பல் பதிந்த இரண்டு இடத்திலும் ரத்தம் எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் என்னைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கழுவி முடித்ததும் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

“கிளம்பு.”

“எங்க?”

“எங்கயா? ஆஸ்பத்திரிக்கு. ஊசி போட வேணாமா?”

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஊசி என்றால் பயம். கொஞ்சநஞ்ச பயம் இல்லை. ஸ்பிரிட் வாசனை வந்தாலே உள்ளங்கை வேர்க்கும். காது அடைக்கும். கண் இருட்டும். கொரோனா தடுப்பூசி முகாமில் என் முறை வந்ததும், ஊசி தொடுவதற்கு முன்பே சரிந்து விழுந்தேன். தண்ணீர் தெளித்து எழுப்பி ஊசியைப் போட்டுவிட்டார்கள். ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சிலரைக் காணவில்லை. ‘பாத்தியா, ஊசி போட்டதும் அந்தம்மா விழுந்துருச்சு’ என்று ஊரெல்லாம் பேச்சு. போடுவதற்கு முன்னால்தான் விழுந்தேன் என்று வீடு வீடாகப் போயா சொல்ல முடியும்?

அப்பேர்ப்பட்ட எனக்கு நாய்க்கடி ஊசி! தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று சின்ன வயதில் கேட்ட கதை வேறு ஞாபகத்துக்கு வந்தது. “அதெல்லாம் அந்தக் காலம். இப்ப கையிலதான் போடுறாங்க” என்றார் கணவர். கையில் போட்டால் மட்டும் அது ஊசி இல்லையா?

பயந்தவளுக்குச் சட்டம் பேச வரும். எனக்கும் வந்தது.

“ஏங்க, அது தெருநாய் இல்ல. வளர்க்கிற நாய். பத்து நாள் நாயைக் கவனிச்சா போதும்னு சொல்லுவாங்க. அது நல்லா இருந்துச்சுன்னா நமக்கும் ஒண்ணுமில்ல. எதுக்கு வீணா ஊசி?”

“யாரு சொன்னா?”

“சொல்லுவாங்க.”

அவர் சாவியை ஆணியில் மாட்டினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மஞ்சளைக் குழைத்துக் கடிவாயில் அப்பிக்கொண்டேன். இனி ஏழுமலையின் நாய் நன்றாக இருந்தால் போதும். நானும் நன்றாக இருப்பேன்.

மறுநாள் காலை, நாயைக் கவனிக்கும் உத்தியோகத்தில் சேர்வதற்காகப் பிஸ்கட் பாக்கெட்டோடு வயலுக்குப் போனேன்.

வயல் காலி.

வாத்து இல்லை, வலை இல்லை, கூடாரம் இல்லை. இறகும் எச்சமும்தான் கிடந்தன. சிந்திய நெல் தீர்ந்துபோனால் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் என் உயிரின் சீட்டு அந்த நாயிடம் அல்லவா இருக்கிறது? அதையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களே... வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பிடித்ததய்யா பயம். அதுவரை இருந்தது ஊசி பயம். இது வேறு. வெறிநாய்க்கடி முற்றினால் தண்ணீரைக் கண்டால் நடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முற்றிய பிறகு மருத்துவமே கிடையாது என்பதும் தெரியும். ஆகவே தண்ணீரை வைத்து என்னையே சோதிக்க ஆரம்பித்தேன். சொம்பை எடுத்தால் நெஞ்சு படபடத்தது. இது நாயால் வந்த படபடப்பா, பயத்தால் வந்த படபடப்பா? ஒரு மடக்குக் குடித்துப் பார்ப்பேன். இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சந்தேகம். மறுபடியும் ஒரு மடக்கு. குளிக்கும்போது வாளிக்குள் எட்டிப் பார்ப்பேன். கணவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால், திடுக்கிட்டேனா இல்லையா என்று யோசிப்பேன். இப்படி வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். நினைக்க நினைக்கக் கால் தானாகவே வலிக்கும்.

இவ்வளவு பயந்தவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போகலாம்தான். கிளம்பலாம் என்று எழுந்திருப்பேன்... ஸ்பிரிட் வாசனை ஞாபகத்துக்கு வரும். உட்கார்ந்துவிடுவேன்.

கணவர் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் வாத்துக் கூட்டத்தை விசாரித்தார். குடவாசல் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, இங்கேதான் ரெண்டு ஊர் தள்ளி என்றார் இன்னொருவர். ஸ்கூட்டரில் அலைந்து, கடைசியில் ஒரு வாய்க்கால் ஓரம் வாத்துச் சத்தம் கேட்டது. அன்றைக்கு அது எனக்குக் கச்சேரி.

ஏழுமலை எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழைய கலகலப்பு இல்லை.

“உங்க நாய் எங்கப்பா? நல்லா இருக்கா?” என்று கேட்டார் என் கணவர்.

ஏழுமலை வயலைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார். பிறகு ஓரமாக நின்ற சாமான் வண்டிக்கு அடியில் கை காட்டினார்.

“அதோ இருக்கு பாருங்க சார். குத்துக்கல்லாட்டம்.”

செவலை நாய்! எங்களைப் பார்த்ததுதான் தாமதம், சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்துத் தீர்த்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குரைக்கட்டும்! தெம்பு இருந்தால்தானே குரைக்க முடியும்? கொண்டுபோன பிஸ்கட் அத்தனையும் அதற்குத்தான். ஏழுமலையிடம் முட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். “போதுமா? இனிமேலாவது நிம்மதியா இரு” என்றார் கணவர்.

நிம்மதியாகத்தான் இருந்தேன். குழம்பு கொதிக்கிற வரைக்கும்.

முட்டையை உரித்துக்கொண்டே கணவரிடம், “என்னா குரை குரைச்சுது பாத்தீங்களா?” என்றேன். “குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க” என்றார் அவர், பேப்பரைப் பார்த்தபடியே.

உரித்த முட்டை கையிலேயே நின்றுவிட்டது.

குரைக்கிற நாய் கடிக்காது. சரி. அப்படியானால் என்னைக் கடித்த நாய்? அது குரைக்கவே இல்லையே! சத்தமே இல்லாமல் வந்தது, சத்தமே இல்லாமல் போனது. வண்டிக்கு அடியில் இருந்தது ஊரையே கூட்டிவிட்டது. இரண்டும் செவலை. ஆனால் நம் ஊரில் பாதி நாய் செவலைதானே? கடித்த நாயின் முகத்தை நான் பார்த்தேனா? காது எப்படி? வால் எப்படி? எதுவுமே ஞாபகம் இல்லை. ஒரு நிறத்தை நம்பி உயிரை வைத்திருக்கிறேன்.

அடுப்பை அணைத்தேன்.

“ஏங்க... வண்டிய எடுங்க.”

அரசு மருத்துவமனையில் டாக்டர் கடிவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். தாமதமானாலும் உடனே ஆரம்பித்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு கையிலும் தடுப்பூசி. ரத்தம் வந்திருப்பதால், கடித்த இடத்திலேயே சுற்றிப் போட வேண்டிய மருந்து வேறு. தொப்புளே தேவலாம் என்று தோன்றியது.

ஊசி அறையில் இருந்த நர்ஸம்மாவுக்கு மஞ்சளைப் பார்த்ததும் கோபம். “குழம்பு வைக்கவா வந்தீங்க? கடிச்ச எடத்துல இதெல்லாம் யாரு தடவச் சொன்னது?”

“நாயைப் பத்து நாள் கவனிச்சா போதும்னு...”

“அம்மா, ஊசியும் போட்டுக்கிட்டு நாயையும் கவனிக்கணும். நீங்க நாயை மட்டும் பாத்திருக்கீங்க.”

அதற்குள் எனக்குக் காது அடைக்கத் தொடங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், நான் விழுந்துருவேன்” என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

“அதுக்கென்ன, படுத்துக்குங்க. படுத்தவங்க எங்க விழறது? வந்ததுமே சொல்ல வேண்டியதுதானே?”

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை! பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று, நின்றபடியே விழுந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“காலை இறுக்கிக்குங்க, மயக்கம் வராது. ஊசி போடுற கையை மட்டும் தளர விடுங்க. இங்க பாக்காதீங்க. குத்தாலத்துலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லுங்க பாப்போம்.”

“குத்தாலம்... நரசிங்கன்பேட்டை... ஆடுதுறை...”

ஆடுதுறையில் இடது கை. திருவிடைமருதூரில் வலது கை. காலுக்கு வந்தபோதுதான் உயிர் போய் உயிர் வந்தது. கும்பகோணம் தாண்டியும் முடியவில்லை. சுவாமிமலையில் நான் போட்ட சத்தம் வெளியே மருந்து வாங்க நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம். ஆனால் மயங்கவில்லை. பாபநாசத்தில், “முடிஞ்சுதும்மா” என்றார்.

இரண்டாவது ஊசிக்குக் கொஞ்சம் தைரியமாகவே போனேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

“அம்மா, நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களா?”

“போட்டுக்கிட்டேன். ஏன்?”

“சத்தியமாப் போட்டுக்கிட்டீங்களா?”

“ஆமாப்பா. நாய் எப்படி இருக்கு?”

அவர் தரையைப் பார்த்தார்.

“அன்னிக்கு உங்களுக்குக் காட்டினது வேற நாய்ங்கம்மா. கடிச்சது தார்ப்பாய்க்குப் பின்னாடி கட்டிக் கெடந்துச்சு. சோறு எடுக்கல, வாயெல்லாம் எச்சில். மறுநா செத்துருச்சு.”

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஸ்பிரிட் வாசனை இல்லாமலே கண் இருட்டியது.

“ஏன்யா சொல்லல?” என்றேன்.

“போன வருஷம் ஒரு ஊர்ல நாய் ஒருத்தரக் கடிச்சுதுன்னு வாத்தோட எங்களை வெரட்டி விட்டுட்டாங்கம்மா. நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களோன்னு பயந்துட்டேன். நீங்க போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

அறைந்திருப்பேன். உன் பயத்துக்கு என் உயிரா என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் ஊசிக்குப் போகாமல், நாயைத் தேடி நான் அவர் கூடாரத்தில் போய் நின்றது எதனால்? என் பயத்தால்தானே? கேள்வியை விழுங்கிவிட்டேன்.

“கையில என்ன?”

“கட்டிப் போடும்போது பல்லு பட்டுருச்சுங்க.”

“இவ்வளவு நாள் கழிச்சா வரது?”

ஏழுமலை சுற்றும் முற்றும் பார்த்தார். “ஊசின்னா... எனக்கு ஆகாதுங்கம்மா.”

உள்ளே இருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் வாசல் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பல் எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“சிஸ்டர், இவரும் விழுவார். படுக்க வெச்சுப் போடுங்க.”

அவருக்கு ரயில் ஸ்டேஷன் பெயரெல்லாம் தெரியாது. “வாத்து மேய்ச்ச ஊரெல்லாம் வரிசையாச் சொல்லுங்க” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். குடவாசல் வந்தது, வலங்கைமான் வந்தது, நான் கேள்வியே படாத ஊரெல்லாம் வந்தது. அவருடைய பிடியில் என் விரல் நொறுங்கியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவருக்குப் போடும் ஊசியைக்கூட என்னால் பார்க்க முடியாது. கடைசியாக எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதற்குப் பிறகு என் முறை.

எனக்கு இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போது இன்றைக்கும் ஒரு கணம் நெஞ்சு நின்றுவிட்டுத்தான் அடிக்கிறது. பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பயப்பட வேண்டுமா, தாராளமாகப் பயப்படுங்கள் — ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு!