மாமாவின் காது மெஷின் கடல் தாண்டிய கதை

புதுச்சேரி ஒதியம்பட்டுக்காரனான எனக்குப் பாகூர் பக்கம் போகக் காரணமே இருந்ததில்லை. போன மாதம் மாமாவின் காது மெஷின் அந்தக் காரணத்தை உண்டாக்கியது.

மாமா அம்மாவின் அண்ணன். பிரான்சிலிருந்து மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தவர், தேர்பவனியில் வெடிச் சத்தம் தாங்காமல் மெஷினைக் கழற்றி எங்கள் பீரோவில் வைத்தார். மறுநாள் அதை மறந்து விமானம் ஏறிவிட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். பீடத்தின் முன் அவள் சம்மதம் சொல்வதைக் கேட்க வேண்டும், அதுதான் அவர் கவலை. புது மெஷினுக்கு அங்கே டாக்டரைப் பார்க்கவே ஒரு மாதம் ஆகுமாம்.

அம்மா அதை வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்திலிருந்து பிரான்சுக்கு எது போனாலும் இப்படித் தைத்துத்தான் போகும்.

வில்லியனூர் தபால் நிலையம் பைக்கில் பத்து நிமிடம். கவுன்டரில் இருந்த பெண் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள இன்னா?"

"காது மெஷின். வைக்கிற பெட்டியிலயே சார்ஜ் ஏறும்."

"அப்ப லித்தியம் பேட்டரிபா. வெளிநாட்டுக்கு எடுக்க மாட்டோம்."

"பேட்டரிய மட்டும் கழட்டிட்டா?"

"கழட்ட வர்ற பேட்டரியா இருந்தா பெட்டியில வெச்சு ஏன் சார்ஜ் ஏத்துற?"

நியாயமான கேள்வி. அடுத்து புதுச்சேரி டவுனுக்குப் போனேன். கூரியர் கடையில் தனி பேக்கிங், தனி அனுமதி, இரண்டு வாரம் என்றார்கள். கல்யாணமே முடிந்துவிடும். எரிச்சலில் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மாவோடு வேலை பார்த்தவரின் மகள் செல்வி அக்கா, மறுநாள் மாமா இருக்கும் பாரிசுக்கே திரும்புகிறாராம். ஊர் பாகூர் பக்கத்துக் குருவிநத்தம்.

பழக்கமில்லாத வழி என்பதால் பைக்கை டவுனிலேயே விட்டுவிட்டுப் பாகூருக்கு பஸ் ஏறினேன்; முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இருபுறமும் கரும்பு, நல்ல காற்று. ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை.

செல்வி அக்கா வீட்டுக் கூடத்தில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. என் பொட்டலத்தை நீட்டியதும் கத்தரிக்கோலை எடுத்தார்.

"தெச்சத அப்படியே எடுத்துக்க மாட்டேன்டா. ஏர்போர்ட்ல கேட்டா இன்னான்னு சொல்றது?"

தையல் பிரிந்ததும் கூடமெல்லாம் வாசனை. தாளிப்பு வடகம்! அம்மா எனக்குச் சொல்லாமல் உள்ளே வைத்திருக்கிறார். மெஷின் பெட்டி எண்ணெயில் பளபளத்தது. எனக்கு மானம் போயிற்று.

"ஒங்க மாமாவுக்குக் காதுலயே கொழம்பு தாளிக்கப் போறீங்களா?" என்று சிரித்தபடி பெட்டியைத் துடைத்தார். வடகம் சூட்கேசுக்குப் போனது. "பேட்டரி கையிலதான் இருக்கணும்" என்று மெஷினைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நீங்களும் இப்படி ஏதாவது அனுப்புவதானால் முதலிலேயே விமானம் ஏறுகிறவரைத் தேடுங்கள். பொருளைத் திறந்து காட்டிக் கொடுங்கள், தைக்காதீர்கள். விமான நிறுவனத்தின் விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அம்மாவிடம் பேக்கிங் பொறுப்பைத் தராதீர்கள்.

சனிக்கிழமை இரவு மாமா கூப்பிட்டார். அவரிடம் எப்போதும் பேசுவது போலத் தொண்டை கிழிய, "கல்யாணம் நல்லா முடிஞ்சிதா மாமா?" என்றேன்.

"ஏன்டா கத்துற? கேக்குது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவ சொன்னதும் கேட்டுதுடா."