மேசை மேல் கிடந்த மஞ்சள் கத்தி

முதல்வர் அறையின் கண்ணாடி மேசை மேல் அந்தக் கத்தி கிடந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட, பழம் வெட்டும் கத்தி. எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் சந்தையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைச் சுற்றி வைத்திருந்த சின்னத் துண்டும் பக்கத்திலேயே கிடந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் முதல்வரும் நானும். அந்தப் பக்கம் போலீஸ் சீருடையில் சார்ஜன் அக்கா. முதல்வர் கத்தியை அவர் பக்கமாகத் தள்ளினார். அவரோ இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். இத்தனை வருட ஆசிரியப் பணியில் எவ்வளவோ பார்த்துவிட்டேன். அந்தக் கட்டிய கைகளைப் போல என்னை அசர வைத்தது வேறொன்றுமில்லை.

பேருந்து நிறுத்தத்தில் மாணவர்களுக்குள் அடிதடி நடந்து, பெற்றோர் கொதித்துப் போயிருந்த சமயம் அது. பள்ளிக்குள்ளேயே போலீஸ் இருக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரே கூச்சல். அதில் என் குரலும் ஒன்று. அப்படி ஒரு பள்ளித் தவணைக்கு, சில மாதங்களுக்கு மட்டும் பார்ப்போம் என்று வந்தவர்தான் சார்ஜன் அக்கா. சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். சிரித்தால் அறையே அதிரும். அலுவலகத்தை ஒட்டி அவருக்கு ஒரு அறை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் சுழலும் காத்தாடி. ஆசிரியர்களாகிய எங்களுக்குக் கொண்டாட்டம். தலைமுடி நீளமா? சார்ஜனிடம் அனுப்பு. வீட்டுப்பாடம் செய்யவில்லையா? சார்ஜனிடம் அனுப்பு. ஒரு முறைப்பிலேயே அடங்கக்கூடிய பிள்ளைகளையெல்லாம் வரிசையாக அவர் வாசலில் நிறுத்தினோம். சூயிங்கம் மென்ற ஒருவனை நானே கொண்டுபோய் விட்டேன். "இவன எந்தச் சட்டத்துல டீச்சர் புடிக்கிறது?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் பைகளைச் சோதித்தபோது, என் வகுப்பு மாணவி ஒருத்தியின் பையில் அந்தக் கத்தி இருந்தது. மூன்றாம் படிவம் படிக்கும், பதினைந்து வயதான, இருக்கிற இடம் தெரியாத பிள்ளை. ஏன் கொண்டு வந்தாய் என்று முதல்வரும் நானும் மாற்றி மாற்றிக் கேட்டோம். அவள் வாயே திறக்கவில்லை. பயந்துபோன முதல்வர் சார்ஜனை அழைத்தார். கத்தியைத் தள்ளியதும், அவர் கைகளைக் கட்டிக்கொண்டதும் அப்போதுதான்.

"இத நான் கையில வாங்கிட்டா கேசாயிடும்லா, டீச்சர். புள்ள போலீஸ் லோக்காப்புக்குப் போவும். அப்புறம் நானே நெனச்சாலும் நிறுத்த முடியாது. உங்க மேசையில இருக்கற வரைக்கும் இது பழம் வெட்டற கத்தி."

கத்தியைப் பார்த்தும் சும்மா இருந்துவிட்டார் என்று யாராவது மேலிடத்தில் ஓதிவிட்டால் அவர் வேலைக்கே உலைதான். எங்களைவிட அது அவருக்கு நன்றாகத் தெரியும். பிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற ஒருவர் பிடிக்காமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

"யாருக்குப் பயந்துக்கிட்டு இத எடுத்துட்டு வந்த, தங்கச்சி?"

அவ்வளவுதான். அந்தப் பிள்ளை உடைந்து அழுதுவிட்டாள். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். டியூஷன் முடிந்து தனியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். "எங்க பிளாட்டுல லிப்ட் கிட்டயே ஒரு அங்கிள் நிப்பாரு, அக்கா. நான் ஏறுனா கூடவே ஏறுவாரு." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. தினமும் அவள் வருகையைக் குறித்தவள் நான். வாசல் தாண்டி அவள் எங்கே போகிறாள் என்று யோசித்ததே இல்லை.

செய்தி கேட்டு அம்மா பதறி ஓடி வந்தார். அன்று மாலையே சார்ஜன் அக்கா அவர்களோடு அந்த லிப்ட்டுக்குப் போனார். வழக்கம்போல அந்த ஆள் அங்கே நின்றிருந்தான். அப்போது அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. முறையாகப் புகார் எழுதி, வழக்குப் பதிந்து, அவனை உள்ளே தள்ளிய பிறகுதான் ஓய்ந்தார்.

தவணை முடிவில் கூடிய கூட்டத்தில் சார்ஜனைப் பள்ளியிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் எழுந்து வேண்டாம் என்றார். மேடையில் மலாயில் பதமாகச் சொன்னதை வெளியே வந்து என்னிடம் தமிழில் கொட்டினார். "ஒரு தவண பூரா நான் இங்க காத்தாடிக்குக் கீழ உக்காந்திருந்தேன். அவன் அங்க லிப்ட் கிட்ட நின்னுக்கிட்டு இருந்தான். நான் எங்க டீச்சர் நிக்கணும்?"

இன்று அதே கண்ணாடி மேசைக்குப் பின்னால் முதல்வராக நான் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிகளைப் பற்றி இப்போது கைப்பேசியில் வரும் செய்திகளைப் பார்த்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போலீஸே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒருவர் இருப்பது பெரிய தெம்பு. ஆனால் பக்கத்து அறையிலேயே இருந்துவிட்டால், நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிடுவோம். எங்களை எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு தகப்பனார் வந்து, வாசலில் ஏன் போலீஸ் இல்லை என்று இந்த மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார். அவர் பயம் நியாயமானது. தேநீர் வரவழைத்து, இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்தார்; தட்டிய கை இன்னும் மேசை மேலேயே இருந்தது.

"அந்தக் கத்தி இப்ப எங்க இருக்கு, டீச்சர்? போலீஸ்லயா?"

"இல்லண்ணே. அன்னைக்கே அந்தப் புள்ளையோட அம்மா துண்டுல சுத்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னும் மாங்கா வெட்டிக்கிட்டு இருக்கும்."

அவர் மேசையிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.