சீர் ஏற்றிய வாடகைக் கார்

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்து ஓட்டியதை யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் மெல்ல நழுவிவிடுவேன். எங்கள் அப்பா ஓட்டிய காரில் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. நியூசிலாந்தில் இருந்த அத்தையின் மகளுக்குக் காதுகுத்து. அப்பாதான் தாய்மாமன். விமான நிலையத்துக்கே வந்து கூட்டிப்போகிறேன் என்று மாமா எவ்வளவோ சொல்லியும் அப்பா கேட்கவில்லை. "சீரு கொண்டு போறவன் மாப்ள கார்லயே போயி இறங்குனா நல்லாவா இருக்கும்?" என்று வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் எடுத்துவிட்டார். சீர்த்தட்டுகள் அம்மாவின் மடியில் ஏறின.

கோவில்பட்டியில் அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். எட்டயபுரம் ரோட்டில் ஆடோ சைக்கிளோ வளைவோ, எதுவானாலும் ஹாரன் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார். அவருக்கு அது மரியாதை. அங்கேயும் அப்படியே அடித்தார். சத்தமே இல்லாத அந்தச் சாலையில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, நான் சீட்டுக்குள் சரிந்துகொண்டேன்.

முன்னால் போன பெரியவர் ஒருவர் காரை ஓரங்கட்டிவிட்டு எங்களிடம் ஓடி வந்தார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்களில் ஆங்கிலம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். வெட்கத்தில் நான் குனிந்த தலையைத் தூக்கவே இல்லை. வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, பின்னால் வரச்சொல்லிக் கைகாட்டிவிட்டு, விளக்குகளை மின்னவிட்டபடி பறந்தார்.

"பாத்தியாட்டி, தாய்மாமன் சீரு போகுதுன்னு வழி காட்டுதாவ," என்றார் அப்பா அம்மாவிடம்.

வழி ஆஸ்பத்திரி வாசலில் போய் முடிந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். அம்மா மடியில் பட்டுப்பாவாடையும் கடலைமிட்டாயும். எல்லாவற்றையும் நான்தான் திக்கித் திணறி விளக்க வேண்டியிருந்தது. பெரியவர் கோபப்படவில்லை. ஆபத்து அவசரம் இல்லாமல் ஹாரனை இப்படியெல்லாம் அடிக்கக் கூடாது என்று பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அவர் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவின் கை ஹாரன் பக்கமே போகவில்லை. அத்தை வீட்டு வாசலில் நிறுத்தியபோதும் அடிக்கவில்லை. யாராவது வந்து அழைக்கட்டும் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். தற்செயலாக எட்டிப் பார்த்த அத்தை ஓடி வந்தாள்.

"ஏண்ணே, ஒரு ஹாரன் அடிக்கப்பிடாதா? காலையில இருந்து அதுக்குத்தான காதைக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"இங்கன அதெல்லாம் அடிக்கப்பிடாதாம்," என்றார் அப்பா.

அத்தை ஜன்னல் வழியே கையை விட்டு ஹாரனை அமுக்கினாள். கையை எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. இந்த மானக்கேடு எப்போது தீரும் என்று நான் முகத்தை மூடிக்கொண்டேன். அண்ணன் வந்து இறங்கியிருக்கும்போது அத்தை எதற்கு அப்படி அழுதாள் என்பது எனக்கு விளங்கவில்லை.