மாமா வழக்கின் அப்பீலுக்கு அத்தையோடு போனேன்

இன்று பூந்தமல்லி கோர்ட்டில்...

என் மாமியாரோடு போயிருந்தேன். மாமனார் இறந்த வழக்கின் அப்பீல்.

ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனுஷரை, குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவன் இடித்துக் கொன்றுவிட்டான். கீழ்க்கோர்ட்டில் இரண்டு வருடம் ஜெயில் என்றார்கள். அதைக் குறைக்கச் சொல்லித்தான் அவன் அப்பீல் போட்டிருந்தான்.

"கொறச்சிடுவாங்களாம்மா?"

வெள்ளானூரில் கிளம்பியதிலிருந்து அத்தை இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தார். "தெரியல அத்தை" என்பதை நானும் விதவிதமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். (ஐடியில் வேலை பார்த்தால் சட்டமும் தெரியும் என்பது அத்தையின் நம்பிக்கை.)

அவனுடைய வக்கீல் எழுந்தார்.

"சின்ன வயசு, கைக்குழந்தை இருக்கு. இறந்தவரோட சைக்கிள்லயும் லைட் இல்ல. இதுவரைக்கும் உள்ள இருந்ததே போதும்னு கருணை காட்டணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரசு வக்கீல், ரத்தப் பரிசோதனையைக் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கூடாது என்றார். அப்புறம் நீதிபதி அம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்மா?"

அத்தை எழுந்து, "ஏகாம்பரம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை தன் வாயால் மாமாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையோ பேங்கோ, புருஷன் பெயரைக் கேட்டால் என் விலாவில் ஓர் இடி விழும். நான்தான் சொல்ல வேண்டும்.

"அவரு பேரு ஏகாம்பரம்மா. திருமழிசைல லேத்து ஓட்டுனாரு. சாமியெல்லாம் கும்புட மாட்டாரு. ஆனா நான் மாங்காட்டுக் கோயிலுக்குப் போனா கூடவே வந்து, வெளிய நின்னுகினு என் செருப்பைப் பாத்துக்குவாரு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தீர்ப்பு வந்தது. தண்டனை குறையவில்லை. அதே இரண்டு வருடம்.

நான் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தை ஏதோ யோசனையில் இருந்தார். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அத்தினி பேரு முன்னாடி அவரு பேரைச் சொல்லிட்டேனே. கோச்சுக்குவாரா?"

"மாட்டாரு அத்தை."

"கோச்சுக்கினா நல்லதுதான். வந்து நாலு திட்டு திட்டட்டும். வாங்கிக்கிறேன்."